லூயிஸ் மட்டும் படித்த கடைசி அத்தியாயம்

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, லூயிஸின் துணைவியார் மேரி ஷாலினி அவர்களே, செம்மங்குப்பம் ஆலையிலிருந்து ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு இந்த நினைவுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் தோழர்களே, உறவினர்களே! ஞாயிறுதோறும் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி இந்தத் தேவாலய மண்டபத்துக்கு வந்துபோன தில்லைநாதன் பேசுகிறேன்.

அப்படி என்னதான் விளையாடினீர்கள் என்று பலரும் கேட்கிறீர்கள். பகடை உருளும் சத்தம் கேட்டு, சூதாட்டம் என்று நினைத்துக் தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையே ஒருமுறை கதவைத் தட்டினார்! சூதாட்டம் இல்லை ஐயா. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாக, வைத்தியராக, திருடனாக அதற்குள் புகுந்து பேசுவோம். எங்கள் துணிச்சல் பலிக்குமா என்று பகடை சொல்லும். நடத்தியவர் லூயிஸ்.

அச்சில் வந்த சாகசப் புத்தகங்களை வாங்கி, அவற்றை வைத்துத்தான் நடத்துவார். "சொந்தமா ஒரு கதை வராதா உனக்கு?" என்று சிலர் ஏளனம் செய்தார்கள். கோபப்பட்டாரா? இல்லை! "ஷிஃப்ட் முடிச்சிட்டு வர்றவன் மச்சான் நானு. கோட்டை, குகை எல்லாம் எவனோ நல்லா எழுதி வெச்சிருக்கான். அந்தக் கவல இல்லாததாலதான் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே நடத்த முடியுது" என்றார். எங்கள் முகத்தை அப்படிப் பார்த்தவர் வேறு யார்?

ஒருநாள் கோட்டை வாசலில் ஒரு காவலன் மறித்தான். அவனை வெட்டிவிட்டுப் போகத்தான் புத்தகம் வழி சொன்னதாம். எங்களில் வாய்த்துடுக்கான சேரன், "நான் அவனுக்கு டீ வாங்கித் தரேன்" என்றான். லூயிஸ் பக்கங்களைப் புரட்டினார். பிறகு விரலைப் பக்கத்துக்குள் வைத்துப் புத்தகத்தை மூடினார். "புக்குல இல்ல. இல்லன்னா என்ன? குடிக்கிறான்!" அந்தக் காவலன் அப்புறம் எத்தனை ஆபத்தில் எங்களோடு வந்தான்! தானே புயல் ஊரைப் புரட்டிப்போட்ட பிறகு, கரண்ட் இல்லாத இதே மண்டபத்தில், வீட்டுக்கூரையைப் பறிகொடுத்து உட்கார்ந்திருந்த சேரனைச் சிரிக்க வைத்தது அந்தக் காவலன்தான். அவன் குரலில் பேசியது லூயிஸ்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆடுகிறவர் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. திறந்தால் அந்தக் கதையில் அவருக்கு இடமில்லை. போன மாதம் கோட்டையின் கடைசிக் கதவுக்கு முன்னால் எங்களை நிறுத்திவிட்டு, "மீதி அடுத்த ஞாயிறு" என்றார். புதன்கிழமை அவருடைய இதயம் நின்றுவிட்டது. ஐயோ, கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று படித்தவரே போய்விட்டாரே! புத்தகத்தை யார் திறப்பது? எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவருடைய கதை அந்தக் கதவோடு நின்றுவிடும் என்றே பயந்தேன்.

இன்று காலை மேரி ஷாலினி அண்ணி அந்தப் புத்தகத்தோடு எங்களிடம் வந்தார். "நான் ஒருநாளும் உங்ககூட ஆடலியே. அதான் தெறந்து படிச்சிட்டேன். ஞாயித்துக்கெழம நான் நடத்துறேன், எல்லாரும் வந்துருங்க" என்றார்.

சேரன்தான் கேட்டான்: "அண்ணி, புக்குல இல்லாததச் செஞ்சா?"

அண்ணி விரலைப் பக்கத்துக்குள் வைத்துப் புத்தகத்தை மூடினார். "செஞ்சுதான் பாரேன்."

அன்பர்களே, நாங்கள் ஆடிய இந்த மேசை காலியாகக் கிடக்காது. இதை முடிப்போம், அடுத்த புத்தகத்தையும் தொடங்குவோம். இது நாங்கள் கொடுக்கும் வாக்கு. லூயிஸ்! வருகிற ஞாயிறு அந்தக் கதவைத் திறக்கிறோம்.