பள்ளிக்கூடம் இல்லாத தெரு

பாபகூராவுக்குப் போகும் ரயிலில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் கைபேசியில் வாடகை வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவும் சரிவராது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில."

நான் படித்துக்கொண்டிருந்ததை மூடி வைத்தேன்.

"எல்லாரும் நல்ல ஸ்கூல் பக்கத்துலதான் வீடு தேடுவாங்க. நீங்க என்னக்கா?" என்றாள் இளையவள்.

"மகன் வந்தா அங்க இருக்க விடமாட்டினம். சின்னப் பிள்ளையளோட பிழையா நடந்துதானே உள்ள போனவன்."

"தண்டனைதான் முடிஞ்சிருச்சேக்கா."

"முடிஞ்சு ரெண்டு வருசம். இன்னும் ஆபத்தான ஆள் எண்டு கோர்ட்டில சொல்லி, சிறை வளவுக்குள்ளேயே ஒரு வீட்டில வைச்சிருக்கினம். வருசா வருசம், விடலாமோ எண்டு பாப்பினம்."

"இந்த வருஷம் விட்டுருவாங்களா?"

"இல்லை. என்னட்டையும் கேட்டவை. விடவேண்டாம் எண்டு நான்தான் சொன்னனான்."

ரயில் ஒரு நிலையத்தில் நின்று புறப்பட்டது.

மூத்தவர் அடுத்த வீட்டைத் திறந்து அவளிடம் காட்டினார்.

"இதைப் பாரும். பின்பக்கத்து அறையில காலமை நல்ல வெயில் விழும். அவனுக்குக் குளிர் ஒத்துவராது."