வாடாத மரம்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், திண்டிவனத்தில் ஏறிய இரண்டு பெண்கள் விழுப்புரம் பஸ்ஸில் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"மோட்சம் எங்க ஓர்ப்படிக்குத்தான்க்கா. எனக்குக் கெடையாது," என்றாள் இளையவள்.

"ஏன்டி?"

"கிறிஸ்மஸ் மரம் பச்சையா இருக்கறது வாடாத வாழ்வுக்கு அடையாளம்னு ஃபாதர் சொன்னாரு. நான் வெச்ச சவுக்குக் கிளை ரெண்டே நாள்ல காஞ்சி கொட்டுது. அவளுக்கு அவ அண்ணன் சிங்கப்பூர்லேர்ந்து பிளாஸ்டிக் மரம் கொணாந்து குடுத்துட்டான். ஒரு இலை உதிரலியே! வர்றவங்கல்லாம் பக்கத்துல இருக்கற அவ வூட்டுலியே நின்னுக்கினு பாக்கறாங்க."

பெரியவள் சிரித்துவிட்டாள். "உசுரு இருந்தாதான்டி வாடும். குடில்ல படுத்துக்கினு இருக்கற கொழந்தையே நமக்காவ சாவத்தானே பொறந்துச்சு?"

இளையவள் சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள்.

"எறங்கி எங்க வூட்டுக்கு வந்துட்டுப் போக்கா. இத அவ காதுல வுழறாப்போல இன்னொரு தரம் சொல்லு."