பாராத கண்களுக்குப் பாராட்டு

எங்கள் அன்பிற்கும் வணக்கத்திற்கும் உரிய வழக்கறிஞர் இளவரசி அம்மையீர்!

“அழிச்ச மெசேஜ் எங்க போவுது மேடம்? சாமிகிட்டயா?” என்று நம் கட்சிக்காரர் ஆல்பர்ட்டின் சின்ன மகள் நிஷா ஒருநாள் நம் அலுவலகத்தில் உங்களைக் கேட்டாள். “எங்கியும் போவல கண்ணு. பேர்ப்பலகைய மட்டும் கயட்டிட்டாங்க. வூடு அங்கியேதான் கீது” என்றீர்கள். கைப்பேசியும் கணினியும் சாட்சி சொல்லும் வழக்குகளை உத்திரமேரூரில் இருந்தபடியே இத்தனை காலம் நடத்தி, இன்று ஓய்வு பெறும் உங்கள் கல்வி முழுவதும் அந்த ஒரு பதிலில் அடங்கியிருந்தது!

மறைந்ததை மீட்கும் மதியே! மீட்டதைக் காக்கும் மாண்பே!

அரிசி ஆலை முதலாளிக்குக் கொலைமிரட்டல் அனுப்பியதாக, அங்கே மூட்டை தூக்கிய ஆல்பர்ட் மீது வழக்கு. அவருடைய கைப்பேசி முழுவதையும் மன்றத்தில் திறந்து காட்ட வேண்டும் என்றது எதிர்த்தரப்பு. ஆல்பர்ட் உங்களிடம் ஓடி வந்தார். “ஜெயிலுக்குக்கூடப் போறேன் மேடம். அதுல என் தங்கச்சி சோபியா அழுதுகினு பேசினது கீது. நாலு பேர் கேட்டா அப்பறம் அவ தலைதூக்கவே மாட்டா.”

குறித்த எண்ணுக்குக் குறித்த நாளில் போன செய்திகளை மட்டுமே தேட வேண்டும் என வாதாடி வென்றீர்கள். அப்படியொரு செய்தி அதிலிருந்து போகவே இல்லை, முதலாளி சான்றாகக் காட்டிய கைப்பேசித் திரையின் படம் புனையப்பட்டது என்று நிறுவி ஆல்பர்ட்டை விடுவித்தீர்கள்.

வழக்குக்காக எடுத்த கைப்பேசி நகலோடு வந்த சோபியாவின் குரலோ நம் கணினியில் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. ஆவல் எங்களை அரித்தது. “ஒரு நிமிசம் கேட்டா இன்னா மேடம்?” என்றார் இளம் வழக்கறிஞர் தினகரன். “உன் போன குடு நைனா, மொதல்ல அத்த கேப்போம்” என்றீர்கள். அவர் கை தானாகச் சட்டைப்பையைப் பொத்தியது. சிரித்தோம், வெட்கப்படவும் கற்றோம்.

கண்ணொளி குன்றாமல், கால் தளராமல், கணவரும் நீங்களும் நெடுநாள் நிறைவாய் வாழ இறைவன் துணை நிற்பானாக!

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. சென்ற ஆண்டு கணவரின் அறுவைச் சிகிச்சைக்காகச் சென்னையிலேயே தங்கிவிட்டீர்கள். ஆளில்லாத உங்கள் கழனி காய்ந்திருக்கும் என்றெண்ணித் திரும்பினால், களை பறித்து, நீர் பாய்ச்சி, பயிர் பச்சைகட்டி நின்றது. பம்புசெட்டில் கேமரா இருந்தது. “யாருன்னு பாத்துடலாமா மேடம்?” என்றார் தினகரன். “காட்டிக்காம செஞ்சவங்கள நாம ஏம்பா தேடணும்?” என்று அந்தப் பதிவைத் திறக்காமலே விட்டீர்கள். வரப்பின் ஈரத்தில் இரு சோடிக் காலடிகள் பதிந்திருந்தன. ஒன்று மூட்டை சுமந்து பழகியவருடையது போல் அகன்றது, மற்றது ஒரு பெண்ணுடையது போல் சற்றுச் சிறியது. அவற்றை மிதித்துவிடாமல் ஒதுங்கி நடந்தீர்கள்.

என்றும் தங்கள் வழி நடக்க விரும்பும்
இளம் வழக்கறிஞர்களும் அலுவலக ஊழியர்களும்
உத்திரமேரூர்