சன்னல் விளிம்பில் ஆறு மின்கலங்கள்

சிங்கப்பூரில், பிடோக்கிலிருந்து சிராங்கூன் சாலைக்குச் சென்ற பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் ஒரு கணவரும் மனைவியும் அமர்ந்திருந்தனர். வானம் சட்டென்று கறுத்துக் காற்று எழுந்தது.

"ரேடியோ பேட்டரிய எடுத்து வைக்க மறந்துட்டேன், மேரி," என்றார் கணவர்.

"எங்க வச்சீங்க?"

"ஜன்னலுக்கு வெளிய, விளிம்புல. வெயில்ல காஞ்சா இன்னும் ரெண்டு நாள் பாடும்."

"செத்த பேட்டரிய குப்பையில போடுங்கன்னு எத்தன தடவ சொல்றது? நம்ம வீடு பத்தாவது மாடிங்க. எத்தன வச்சீங்க?"

"ஆறு. பெரிய சைஸ்."

"காத்துல உருண்டா நேரா கீழ ஊஞ்சல்ல விழும்."

"மழை வர்ற நேரத்துல யாரு விளையாடப் போறா லா? நீ வேற."

மனைவி வெளியே எட்டிப் பார்த்தார். பேருந்தின் சன்னல்கள் காற்றில் அதிர்ந்தன.

"ஸ்டெல்லா பாப்பாவ கீழ் வீட்டு அக்காகிட்டதானே விட்டுட்டு வந்தோம்?"

"ஆமா."

"நாலு மணியானா அவள ஊஞ்சலுக்குத்தானே கூட்டிட்டுப் போவாங்க. இப்ப மணி என்ன?"

கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து சென்று மணியை அழுத்தினார். பேருந்து நிற்கும்வரை அழுத்திய விரலை அவர் எடுக்கவேயில்லை.