பொழுது சாயற வரைக்கும்

தண்ணிதானே தம்பி, தரேன் தரேன். இந்தக் குழாய்ல சொட்டுச் சொட்டாத்தான் வரும். பக்கெட் நிறையணும்ல? மருந்தடிக்கிற டேங்கை இப்படிக் கீழ வச்சுட்டு உக்காருங்க. முதுகுல சுமந்துக்கிட்டே நின்னா தண்ணி வேகமா வந்துருமா என்ன?

டீ குடிங்க. சர்க்கரை போடல, தேன்தான். வேலியோரம் நிக்குதே பச்சைத் தேனீப் பெட்டி, அதுல எடுத்தது. வரிசையா அஞ்சு பெட்டி இருந்துச்சு. இப்போ அது ஒண்ணுதான்.

இருங்க, நான் சொல்லி முடிச்சிடறேன்.

இந்தச் சூரியகாந்தித் தோட்டத்துக்காரர், உங்க முதலாளி, வேற யாருமில்ல, என் கொழுந்தன்தான். பாகம் பிரிச்சப்போ நிலத்தை அவர் எடுத்துக்கிட்டார், கொட்டுறதை எங்களுக்கு விட்டுட்டார். சிரிக்கிறீங்க. அப்போ நாங்களும் சிரிச்சோம்.

போன தடவை பூத்தப்போ பட்டப்பகல்ல மருந்தடிச்சாங்க. நீங்க இல்ல, வேற ஆளு. ஈயெல்லாம் பூவுல உக்காந்திருக்கிற நேரம். அங்கேயே செத்திருந்தாக்கூடப் பரவாயில்ல தம்பி. தட்டுத் தடுமாறி வீடு வந்து சேர்ந்துச்சுங்க. வாசல்ல காவல் நிக்கிற ஈ உள்ள விடல. வாடை மாறிப்போச்சுல்ல, கூடப் பொறந்ததையே அடையாளம் தெரியல. வாசல் பலகை மேல மல்லாந்து, நாக்கை நீட்டிக்கிட்டு, சுத்திச் சுத்தி... முறத்துல கூட்டி அள்ளினேன்.

மிச்சத்தையாவது காப்பாத்தலாம்னு எங்க வீட்டுக்காரர் பெட்டி வாசலை அடைச்சு வச்சார். நல்ல வெயில். உள்ள மெழுகு உருகி, சேத்து வச்ச தேன்லயே முங்கிச் செத்துச்சுங்க. அன்னிக்குப் படுத்தவர்தான் மனுஷன். ஜன்னல்கிட்ட கட்டிலைப் போட்டிருக்கேன். பொழுது சாஞ்சா, எல்லாம் வீடு வந்துருச்சான்னு கேட்பார். பள்ளிக்கூடம் போன பிள்ளைங்களைக் கேக்கற மாதிரி.

மகன் டவுன்ல இருக்கான். மாடிப்படிக்கு அடியில ஒரு ரூம் ஒழிச்சு வச்சிருக்கான் எங்களுக்கு. படுக்கலாம், புரண்டு படுக்க முடியாது. ஒரு பெட்டி உயிரோட இருக்கிற வரைக்கும் அங்கயே இருங்க, அதுவும் போச்சுன்னா வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்னுட்டான். அந்த ரூமுக்குப் போனா இவர் ரொம்ப நாள் தாங்க மாட்டார். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஏன் எந்திரிக்கிறீங்க? உக்காருங்க தம்பி, கையெடுத்துக் கும்பிடறேன். என்னமோ சொல்ல வரீங்க, தெரியுது. முதலாளி திட்டுவார், அதானே? அண்ணி பிடிச்சு வச்சுக்கிட்டாங்கன்னு சொல்லுங்க. இப்பவே சட்டையெல்லாம் இந்த மருந்து வாடை அடிக்குதே, வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கா? குளிக்காம தூக்கிடாதீங்க.

ம்... சாஞ்சாச்சு பாருங்க பொழுது. வெளிச்சம் போயிட்டா ஒரு ஈகூட வெளிய தங்காது.

இனிமே சொல்றதுக்கு என்ன, குழாய் நல்லாத்தான் வரும் தம்பி. நான்தான் திருகி வச்சேன். நீங்க தண்ணி கேட்டதுமே, மருந்து கரைக்கத்தான் கேக்கறீங்கன்னு நினைச்சேன். அதான் பேசிப் பேசிப் பிடிச்சு வச்சேன். கோவிச்சுக்காதீங்க. இப்போ போய் தாராளமா அடிங்க. வாங்க, முதுகுல ஏத்தி விடறேன்.

என்ன தம்பி, டேங்க் இவ்வளவு லேசா இருக்கு?

கழுவவா? டேங்கைக் கழுவவா தண்ணி கேட்டீங்க? அப்போ அடிச்சு முடிச்சுட்டுத்தான் வந்தீங்களா?

பெட்டிப் பலகையில ஒரு ஈகூட வந்து இறங்கலையேன்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். தூரமாப் போயிருக்கும், வந்துரும்னு நினைச்சேன்.

இதோ, உள்ள கூப்பிடறார். எல்லாம் வந்துருச்சான்னு கேக்கறார்.

தம்பி, ஒரு எட்டு உள்ள வாங்க. நீங்களே சொல்லிடுங்க.