பெயிலாவதற்கும் இடம் வேண்டும்

ஹட்டனிலிருந்து டயகமவுக்குப் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஜவுளிக்கடை முதலாளி ஒருவர், பக்கத்தில் நின்ற, தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் பேசிக்கொண்டு வந்தார்.

“எஸ்.எஸ்.சி. சோதனைய நிப்பாட்டச் சொல்லி ஞாயித்துக்கெழம கூட்டம் போடுறோம். எம் மகன் ரெண்டு தரம் பெயில். புள்ளைங்களக் கொல்ற சோதனை. தோட்டத்து ஆளுகளையும் கூட்டிக்கிட்டு வா.”

“எம் மக அதுல பெயிலாப் போனா மாரியம்மனுக்குப் பொங்க வைப்பேன் மொதலாளி.”

“என்ன தங்கச்சி பேசுற?”

“தோட்டத்துப் பள்ளிக்கூடம் அஞ்சாங் கிளாஸோட சரி. மேல படிக்க டவுனுக்குக் கூட்டிட்டு வந்தேன். எடமில்லன்னுட்டாங்க. இப்ப தோட்டத்துல வேலைக்குப் பேர் பதிஞ்சு, கூடைய மாட்டி விட்டாச்சு. பெயிலாகுறதுக்குக்கூட அது அந்தச் சோதனைய எழுதப் போறதில்ல.”

“எடமில்லன்னு யாரு சொன்னா? கூட்டத்துல வந்து சொல்லு, கேப்போம்.”

“பள்ளிக்கூடத்துக் கமிட்டிதான். அன்னிக்கு அந்த மேசையில நீங்களும் உக்காந்திருந்தீங்க. வெளிய வர்றப்ப பாத்தேன். கிளாஸுக்குள்ள உங்க மகன் ஒரு முழு பெஞ்சியில தனியா உக்காந்திருந்தாரு.”