பலகை முழுக்கப் பச்சை

இல்லம்மா, போனைப் போட்டு அப்படிக் குத்தாதீங்க, அது என்ன பண்ணும் பாவம். நூறு தடவை அனுப்பினாலும் கிடைத்தது, நன்றின்னுதான் சொல்லும். உங்க வீட்டுக்காரருக்கு இன்சுலின் கேட்டு அனுப்பினது உள்ள போய்ச் சேரவே இல்ல. எனக்கு எப்படித் தெரியுமா? அவர் அடையாள அட்டையில எத்தனை எண் இருக்கு, எண்ணிப் பாருங்க. ஆறா? நினைச்சேன்.

வயசானவங்க பாதிப் பேருக்கு ஆறுதான். எனக்கெல்லாம் ஏழு. இந்த ஆப்பைச் செஞ்ச ஆபீஸ்ல இருக்கிறதெல்லாம் சின்னஞ்சிறுசுங்க. அவங்கவங்க நம்பரைப் போட்டுச் சோதிச்சாங்க, ஜோரா ஓடுச்சு. ஆறு எண் வந்தா சர்வர் முழி பிதுங்கி நின்னுடும்னு ஒருத்தர் மண்டையிலயும் உதிக்கல. இதே அசுன்சியோன் ஊர்ல பொறந்து வளர்ந்ததுங்கதானே, வீட்ல பெரியவங்க அட்டையை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையா? வயிறு எரியுதும்மா.

சரி, தப்பு எல்லாரும் பண்றதுதான். அதுக்குன்னே நடுவுல மிடில்வேர்னு ஒண்ணு வைப்போம். பயப்படாதீங்க, பெரிய வித்தையில்ல. நீங்க அனுப்புறது உள்ள போற வழியில வரிசையா சில குட்டிப் புரோகிராம் இருக்கும். அதுல ஒண்ணோட வேலை என்னன்னா, உள்ள எங்க எது உடைஞ்சாலும் பிடிச்சுக்கிட்டு, சேரலம்மா, திரும்ப அனுப்புங்கன்னு உங்களுக்குச் சொல்றது. கூடவே ஐந்நூறுன்னு ஒரு நம்பர் போடும். திரையில சிவப்பா வரும், பார்க்க அசிங்கமா இருக்கும். ஆனா அதைப் பார்த்திருந்தா நீங்க அன்னிக்கே கிளம்பி இந்த மருந்துக் கவுண்டருக்கு வந்திருப்பீங்க இல்லையா?

இங்க நடந்த கூத்தைக் கேளுங்க. இந்த ஆப் திறப்பு விழாவுக்கு மேலிடத்து ஆளுங்க வர்றாங்க. அவங்க கண்ணுல சிவப்பே படக்கூடாதுன்னு எங்க மேனேஜர் அயாலா ஒத்தக்கால்ல நின்னாரு. ஒரு நாளைக்கு மட்டும்தானேப்பான்னாரு. எது உடைஞ்சாலும் ஐந்நூறுக்குப் பதிலா இருநூறு போட்டு, கிடைத்தது, நன்றின்னு சொல்ற மாதிரி அந்தக் குட்டிப் புரோகிராம்ல ஒரு வரியை மாத்தியாச்சு. இருநூறுன்னா எல்லாம் சரின்னு அர்த்தம். விழா முடிஞ்சுது, கைத்தட்டினாங்க, முற்றத்துல மாட்டுக்கறி சுட்டுத் தின்னாங்க. அந்த வரியைத் திரும்ப மாத்தணும்னு ஒருத்தருக்கும் ஞாபகம் வரல. ஆபீஸ் சுவத்துல ஒரு பலகை தொங்குது, பிழை வந்தா சிவப்பு விளக்கு எரியணும். வாரக்கணக்கா முழுக்கப் பச்சை. ஆளாளுக்கு மார்தட்டிக்கிட்டாங்க.

நேத்து நான் மேஜையைத் தட்டிக் கத்தினேன். அயாலா ஜில்லுன்னு தெரெரே பானத்தை உறிஞ்சிக்கிட்டே, புகார் ஒண்ணுகூட வரலயேப்பாங்கிறார். அட, புகார் அனுப்புறதும் அதே ஆப்லதானேய்யா, எங்கேர்ந்து வரும்? நானே மாத்துறேன்னு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தேன். என் பாஸ்வேர்டை முடக்கிட்டு, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுன்னு தோள்ல தட்டி அனுப்பிட்டாங்க. திங்கக்கிழமை பார்க்கலாமாம். திங்கக்கிழமை வரைக்கும் எத்தனை பேர் அந்த நன்றியை நம்பி உக்காந்திருப்பாங்க? கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்க.

யாரு, அந்த வரியை எழுதினவனா? நான்தாம்மா. அயாலா சொன்னாரு, நான் எழுதினேன். ரெண்டு நிமிஷ வேலை. திட்டணும்னா திட்டுங்க, கேட்டுக்கிறேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. மூணாம் ஜன்னல்ல காகிதத்துலயே எழுதிக் கொடுங்க. முத்திரை குத்திக் கையில தர்ற வரைக்கும் நகராதீங்க. நாளைக்கு வான்னா, முடியாது, இன்னிக்கே வேணும்னு சண்டை போடுங்க. நான் பின்னாடியே நிக்கிறேன்.

எனக்கா? எனக்கு மருந்து ஒண்ணும் வேணாம்மா. எங்கப்பாவுக்கும் ஆறு எண்தான். வரிசையில போய் நின்னு கேளுங்கப்பான்னு அக்கா தலைபாடா அடிச்சுக்கிட்டா. அவர் கேக்கல. என் பையன் செஞ்சதுடி, கிடைச்சுதுன்னா கிடைச்சதுதான்னு உக்காந்துட்டாரு. கையில இருந்த இன்சுலினைப் பாதிப் பாதியா போட்டுக்கிட்டு பத்தொன்பது நாள். போன செவ்வாய்க்கிழமை அடக்கம் பண்ணினோம். இங்க நோயாளிப் பட்டியல்ல அவர் பேர் இன்னும் இருக்காம், எடுக்கச் சொல்லணும். உங்களைக் கூப்பிடுறாங்க பாருங்க, போங்க. எனக்கு அவசரமில்ல.